அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ராயபுரம் கடலோரத்தில் எங்கள் அக்காவின் பேச்சு புரிந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூக்குத்தியைத் தொடுவதுபோல் காட்டினால் அம்மா, துடுப்பு வலித்தால் அப்பா, வயிற்றைத் தட்டினால் பசி. நாங்களாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள் இப்படிக் கொஞ்சம் இருந்தன. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

என்னைவிட மூத்தவள், கார்ப்பரேஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாத்தியார் சொல்வதை நான் கையால் காட்டுவேன். ஆடு, மாடு என்றால் காட்டிவிடலாம். ‘நேற்று’ என்பதை எப்படிக் காட்டுவது? தெரியாதபோது சிரித்துவைப்பேன். அவளும் சிரிப்பாள். மறு வருஷம் நான் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். அவளை ஒன்றிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் எழுந்து வந்து என் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

பெரிய வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். “இங்கேயே இருக்கட்டும்னா இருக்கட்டும். ஆனா சும்மாதான் உக்காந்திருப்பா. காது கேக்காத பசங்களுக்குன்னே பட்டணத்துக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அம்மா ஒப்பவில்லை. “வூட்லயே இருக்கட்டும். அம்மாந் தொலவுல வுட்டுட்டா, பசின்னா யார்கிட்ட சொல்லுவா?”

“இங்க மட்டும் யார்கிட்ட சொல்றா?” என்றார் அப்பா. “சின்னது எடுத்துச் சொன்னாத்தான் நமக்கே தெரியுது. நாளைக்கு அதுவும் கல்யாணம் கட்டிக்கினு போயிடும். அப்போ?”

அந்த வாரமே அப்பா அக்காவை டிராமில் கூட்டிப்போய் விட்டுவந்தார். அவள் எங்கே போகிறாள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எங்களிடம் சைகை இல்லை.

சில மாதங்கள் கழித்துப் பார்க்கப் போனோம். டீச்சர் அக்காவின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, அதிர்வு தெரியும்படி ‘அம்மா’ என்று சொல்லிக் காட்டினார். அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டு, உடைந்த குரலில், “ம்மா” என்றாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான் அக்காவிடம், பசிக்கிறதா என்று வயிற்றைத் தட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் முற்றத்திலிருந்து நாலைந்து பெண்கள் அவளைப் பார்த்துக் கைகளை ஆட்டினார்கள். அக்கா திரும்பினாள். அவள் விரல்கள் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு பெண் ஏதோ காட்ட, அக்கா மறுத்தாள், வாதாடினாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். எதுவுமே எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது அம்மா, “என்னியக் கூப்ட்டா பாத்தியா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவை அந்தப் பெண்கள் பறித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருந்தது என்பதும், எங்கள் வீட்டில் அது அத்தனை வருஷமும் கேட்பாரில்லாமல் கிடந்தது என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.