நடுவில் விழுந்த பந்து

என் மகனின் புருவத்துக்கு மேல் ஏழு தையல். மலாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், என்னைக் கேலிகூடச் செய்கிறான். நான்தான் இன்னும் ராத்திரியில் எழுந்து எழுந்து அவனைப் பார்க்கிறேன். பள்ளியில் இரட்டையர் டென்னிஸ். நடுவில் வந்த பந்துக்கு இவனும் கூட்டாளிப் பையனும் ஒரே நேரத்தில் ஓட, அந்தப் பையனின் மட்டை இவன் நெற்றியைக் கிழித்துவிட்டது.

சேதி கேட்டு என் தாய்மாமா மெர்லிமாவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நெற்றிக் கட்டைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

"பந்த அடிச்சியா, இல்லியா?"

"அடிச்சிட்டேன் தாத்தா. என் பந்துன்னு கத்திக்கிட்டேதான் ஓடுனேன்."

மாமா கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காப்பிகூட ஊற்றிக் கொடுக்கவில்லை. கோபம் ஆறிய பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி, 1930களின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மாமா, வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் மார்க்கர். டென்னிஸ் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுவார், வலை கட்டுவார். நால்வரில் ஒருவர் குறைந்தால் தானே மட்டையெடுத்து ஆடுவார். துரைமார் இரட்டையர் ஆட்டம்தான் ஆடுவார்கள். தனியாக ஓடி ஆட அந்த உடம்புகளுக்கு மூச்சு போதாது. ஆகவே மாமா எப்போதும் யாரோ ஒரு துரையின் பாதியாகவே ஆடினார்.

அந்த வேலைக்கென்று சில முறைகள் உண்டு. துரை தவறவிட்டால் "சாரி சார், என் தப்பு" என்று சொல்ல வேண்டும். நடுவில் எந்தப் பந்து வந்தாலும் "யுவர்ஸ் சார்!", உங்கள் பந்து, என்று விலகிவிட வேண்டும். மாமா இதையெல்லாம் சுத்தமாகச் செய்வார். ரப்பர் விலை விழுந்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவர் மட்டும் தப்பித்தது அதனால்தான் என்று அப்பா சொல்வார்.

மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கங்காணி. அவருக்கு ஒரே சந்தேகம்.

"பந்து அடிக்கிறாருன்னு சொல்றீங்க. அது வெளயாட்டு. வேலை என்னா?"

"அதாங்க வேலை" என்றார் அப்பா, பாதிக் குரலில்.

"நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தோட்டங்களுக்கும் போட்டி. சின்ன துரைக்குக் குளிர்காய்ச்சல். எனவே பெரிய துரைக்குக் கூட்டாளி மாமா. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி செம்பருத்தி வேலியோரம் வந்து நின்றார். நானும் அப்பாவும் அவருக்குப் பக்கத்தில். மாமா ஜெயித்தால் கல்யாணம் என்று நானே முடிவு செய்திருந்தேன். அத்தை வந்தால் அவள் எனக்குத்தான் தலை பின்னிவிட வேண்டும் என்பதுவரை முடிவாகியிருந்தது.

கடைசிப் பந்து நடுவில் வந்தது. மாமாவுக்கு இரண்டெட்டு தூரம். துரைக்கோ ஆறெட்டு இருக்கும். மாமாவின் கை பின்னால் போனதைப் பார்த்தேன். அப்புறம், "யுவர்ஸ் சார்!"

துரை தொப்பையோடு ஓடிவந்து பந்தை வலைக்குள் அடித்தார். ஆட்டம் போயிற்று.

"சாரி சார். குறுக்கால நின்னுட்டேன், என் தப்பு."

எனக்குத் தாங்கவில்லை. கங்காணியின் கோட்டைப் பிடித்து இழுத்து, தொண்டை கிழியக் கத்தினேன்: "எங்க மாமா அடிச்சிருப்பாரு! வேணும்னேதான் விட்டாரு!"

அப்பா என் வாயைப் பொத்தினார். துரைக்குத் தமிழ் ஓரளவு தெரியும். எல்லாத் துரையும் பரீட்சை எழுதிப் படித்த தமிழ். துரை திரும்பினார். மாமா வலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"என்ன அது? பாப்பா என்ன சொல்றான்?"

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டார். "ஒண்ணுமில்லீங்க துரை. துரை தோத்துப்புட்டீங்களாம், பாப்பா அழுவுது."

துரைக்கு முகம் மலர்ந்தது. கிளப் பையனை அழைத்து எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். அழுதபடியே தின்றேன்.

துரைமார் உள்ளே போனதும் கங்காணி என் பக்கம் குனிந்தார். "வேணும்னு விட்டதுன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? முப்பது வருசமா நானும் அதே ஆட்டந்தானே ஆடுறேன்." பிறகு அப்பாவிடம், "தை மாசம் வச்சுக்குவமா? மாப்பிள்ளை பொழைச்சுக்குவாரு" என்றார். இருவரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள், அதுவும் தினமும். அந்த வருடத்தில் என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை அந்தத் தோட்டத்தில் இருந்திருக்காது.

போட்டிக்கு மறுநாள் காலை மாமாவுக்குப் பசியாறக் கொண்டுபோனேன். திடலில் வேறு யாரும் இல்லை. சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தின நாள் பந்து விழுந்த அதே இடத்தில் மாமா நின்றிருந்தார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வெறுங்கையைப் பின்னால் இழுத்து, முழு வேகத்தில் ஒரே ஒரு வீச்சு வீசினார்.

அந்தத் திடலில் காலையில் கொசு அதிகம். பாவம், மாமாவைக் கொசு கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியோடு ஓடினேன்.