படத்தில் விடுபட்ட அத்தைகள்

எனக்கு ஹோம்வொர்க் கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில்... சிரிக்காதீர்கள்.

திருவரங்குளம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டரம்மா. எங்களைப் போன்றவர்களுக்குப் புற்றுநோயும் பரம்பரையும் பற்றி ஆன்லைனில் பயிற்சி நடக்கிறது. புதன்கிழமை மதியம் ஓ.பி. முடிந்ததும், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். கேமராவை ஆஃப் செய்துவிட்டுத்தான் – அந்த நாகரிகமெல்லாம் தெரியும்.

ஹோம்வொர்க் இதுதான். அவரவர் குடும்பத்தின் குறைந்தது மூன்று தலைமுறையைப் படமாக வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

எனக்கா தெரியாது? குலதெய்வக் கோயிலில் பங்காளி வரிசை சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். தாத்தா, அப்பா, சித்தப்பாக்கள், அண்ணன், அவருடைய இரண்டு மகள்கள் என்று பத்தே நிமிடத்தில் வரைந்து அனுப்பினேன். 'புற்றுநோய் யாருக்கும் இல்லை' என்று கீழே பெருமையாக ஒரு குறிப்பு வேறு.

வகுப்பெடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படத்தைத் திரையில் போட்டு, "டாக்டர், உங்க அப்பாகூடப் பொம்பளைப் பிள்ளைங்களே பிறக்கலையா?" என்றார்.

"ரெண்டு அத்தைங்க உண்டு. அவங்களைத்தான் கட்டிக் குடுத்தாச்சே..."

வாயிலிருந்து வந்தே விட்டது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று மாலையே தங்கள் படத்தைத் திருத்தி அனுப்பியதாகக் கேள்வி.

நானும் திருத்த உட்கார்ந்தேன். ஆவுடையார்கோவிலில் வாழ்க்கைப்பட்ட பெரிய அத்தை, மார்பில் கட்டி வந்து முப்பத்தொன்பது வயதில் இறந்தார். விராலிமலைச் சின்ன அத்தைக்கு அதே கட்டி, நாற்பத்து நான்கில் ஆபரேஷன். நோயாளி யாராவது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதித் திருச்சிக்கு அனுப்பியிருப்பேன். அப்பா வழியிலும் இது வரும் என்று முந்தின வாரம்தான் டெஸ்ட்டில் டிக் அடித்து முழு மார்க் வாங்கியிருந்தேன்.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அது அவுக போன வீட்டு வியாதிம்மா. அங்கிட்டுத் தண்ணி சரியில்ல."

"ரெண்டு ஊருலயும் ஒரே தண்ணியா அண்ணே?"

குரலைத் தாழ்த்தி, "பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். இப்பப் போயி இதைக் கிளறணுமா?" என்றார்.

அவருக்கு அந்தப் பயம். எனக்கு வேறு பயம். அந்தப் பிள்ளைகளுக்கு இது இருந்தால்? எனக்கே இருந்தால்?

நோய் வந்து பிழைத்தவரை முதலில் சோதிப்பதுதான் முறையாம். அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு விராலிமலைக்குப் போனேன். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆபரேஷன் அன்னிக்குப் பழம் வாங்கிட்டு வந்தீங்க. அதோட சரி. என்ன ஏதுன்னு கேக்க இருவது வருசமாச்சா ஆத்தா? நீ வேற டாக்டரு."

வெட்கமாக இருந்தது. அந்த அத்தை வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அத்தை ரத்தம் கொடுத்தார். பரம்பரையாக வரும் கோளாறுதான் என்று ரிப்போர்ட் வந்தது. அப்பா இப்போது இல்லை; அடுத்து எங்கள் முறை. "எனக்கு மாருல என்னம்மா இருக்கு?" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த அண்ணன், லேப்பில் எனக்கு முன்னால் கையை நீட்டினார். அவருக்கு அந்தக் கோளாறு இல்லையென்றால் மகள்களுக்கு அவர் வழியாக வராது. வெளியே வந்து டீ குடித்தோம். முடிவு தெரிய இன்னும் சில வாரங்கள் ஆகும்.

டீ முடிவதற்குள் அத்தையிடமிருந்து போன்.

"ரெண்டு பேரும் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டோம் அத்தை."

"நல்லது. கட்டிக் குடுத்து நாப்பது வருசம் கழிச்சு, ஒருவழியா என்னைய வீட்டுல சேத்துக்கிட்டீங்க."