மூக்குக்காரி அரைத்த உப்பு

எங்கள் அண்ணியை மூக்குக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் பழைய எண்ணெய் கொதிக்கிறது, எந்த வீட்டில் பால் அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என் வெல்டிங் பட்டறைக்கு வந்தவர், வாசலில் நின்றபடியே உள்ளே ஒயர் கருகுகிறது என்றார். நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் நானே விழுந்தடித்து ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, உடம்பு தேறியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. அண்ணி வேலை பார்த்தது ஒரு ஹோட்டல் சமையலறையில். சாஸ், மசாலாப் பொடி எல்லாம் அவர் பொறுப்பு. வேலைக்குத் திரும்பிய வாரமே, கெட்டுப்போன மீனைக் கழுவி மசாலா தடவி வைத்துவிட்டார். பக்கத்தில் நின்றவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலாளியம்மா பொல்லாதவர் இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணியைப் பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அண்ணிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னான் அண்ணன்.

“வாசனைதான் போச்சு. கை போகலை,” என்றார் அண்ணி. அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில் ஹோட்டல் மொட்டை மாடியில் பார் திறக்க ஏற்பாடு நடந்தது. காக்டெயில் கலக்க வந்தவர், கிளாஸ் விளிம்பில் தடவ ஒரு உப்பு வேண்டும், எலுமிச்சையும் காரமும் சேர்ந்து இருக்க வேண்டும், அதையே வறுத்த மீன் மேலும் நறுக்கிய பழத்தின் மேலும் தூவலாம் என்றார். டப்பாவில் வந்த உப்பு சோப்பு மாதிரி இருந்ததாம். நான் செய்கிறேன் என்று ஈரக்கையோடு போய் நின்றார் அண்ணி. முதலாளியம்மா யோசித்தார். உப்பு சரியாக வந்தால் பழைய வேலை, வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். அண்ணி தலையாட்டிவிட்டு வந்தார்.

எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் சீவி, ஓவனில் நல்ல சூட்டில் காயவைத்து, கல்லுப்போடும் மிளகாய் வற்றலோடும் அரைத்தார். பார்க்க அம்சமாக இருந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். உப்பு இருந்தது, காரம் இருந்தது.

“எலுமிச்சைதான் லீவு போட்டிருக்கு அண்ணி,” என்றேன்.

அண்ணி முகம் சுண்டிவிட்டது. புளிப்பையும் கசப்பையும் அவர் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைத் தோல் துளி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வாசனை போன சங்கதியை நாக்கு சொல்லாது. மஞ்சள் நிறம் மாறவில்லை என்பதால் மணமும் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

பிறகு என் மூக்கை வாடகைக்கு எடுக்கப் பார்த்தார். எதை நீட்டினாலும் நன்றாக இருக்கிறது என்றேன். என் மூக்கில் வருஷக்கணக்காக வெல்டிங் புகைதான் குடியிருக்கிறது.

“உங்க மூக்கை நம்பினா நானும் தகரம்தான் வெட்டணும் தம்பி,” என்று கிளம்பிப் போனார்.

ஒருநாள் மத்தியானம் மாடிக்குக் கழுவிய கிளாஸ்களைக் கொண்டுபோனார். நான் அங்கே கைப்பிடிக் கம்பி வைத்துக்கொண்டிருந்தேன். காக்டெயில் கலக்கும் பார்க்காரர் ஒரு ஆரஞ்சுத் தோலை மெழுகுவர்த்திச் சுடருக்கு நேராகப் பிடித்துப் பிதுக்கினார். சுடரில் சடசடவென்று பொறி பறந்தது. அண்ணி அப்படியே நின்றுவிட்டார். என்ன எரிகிறது என்று கேட்டார்.

“தோல்ல இருக்கற எண்ணெய்க்கா. வாசனையே அதுதான்.”

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். “அப்போ கண்ணுக்குத் தெரியுதே,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அன்றிலிருந்து வீட்டில் மெழுகுவர்த்தி ஆட்சி. பழம் பழமாகத் தோலைச் சீவிச் சுடரில் பிதுக்கினார். பளபளப்பான சில பழங்கள் ஏமாற்றின. அழுக்காகக் கிடந்த சில பழங்கள் வாணம் விட்டன. நல்ல பொறி விட்ட பழத்தின் தோலைச் சிறிது நேரம் ஓவனில் வைத்து எடுத்துப் பிதுக்கினார். ஒன்றுமில்லை. மணத்தைத் தின்றது எது என்று தெரிந்துவிட்டது.

பொறி விட்ட பழத்தை மட்டும் எடுத்து, மேல்தோலைத் துருவி, கல்லுப்பில் போட்டு விரலால் கசக்கினார். உப்பு வியர்த்து மஞ்சளாகும் வரை விடவில்லை. எண்ணெய் முழுக்க உப்புக்குள் இறங்கிவிட்டது. அதை வெயில் படாமல் துணியில் பரப்பி ஃபேனைத் திருப்பி வைத்தார். வீட்டில் உருப்படியான ஃபேன் அது ஒன்றுதான். அண்ணன் அட்டையால் விசிறிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து தனக்கு இந்த உபசாரம் நடந்ததில்லை என்று புலம்பினான். மிளகாயை விதை உதிர்த்து லேசாக வறுத்து, தனியாகப் பொடித்துக் கடைசியில் கலந்தார். எல்லாவற்றையும் கொரகொரப்பாகவே விட்டார். மாவாக அரைத்தால் கிளாஸில் சேறாகிவிடும்.

கம்பி வேலை முடியாததால் தீர்ப்பு நாளில் நானும் மாடியில்தான் இருந்தேன். பார்க்காரர் கிளாஸ் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, உப்பில் உருட்டி, காக்டெயிலை ஊற்றிக் கொடுத்தார். முதலாளியம்மா ஒரு பக்கம் குடித்தார். கிளாஸைத் திருப்பி இன்னொரு பக்கம் குடித்தார். அண்ணியின் கை முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தது. மறுபடியும் திருப்பினார். விளிம்பில் ஒரு கல் உப்புகூட மிச்சமில்லாமல் சுற்றி வந்த பிறகுதான் கிளாஸைக் கீழே வைத்தார்.

“மூக்கு திரும்பிடுச்சா?”

“இல்லைம்மா. அது வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“அப்போ மீனுக்கு என்ன பண்ணுவே?”

“மீனை வேற ஆள் மோந்து பாக்கட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

முதலாளியம்மா சிரித்துவிட்டார். நாளைக்குப் பழைய இடத்துக்கு வந்துவிடச் சொன்னார். வெல்டிங் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டேன். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த உப்பு இல்லாமல் அந்த மாடியில் ஒரு கிளாஸ் நகர்வதில்லை. சமையலறையில் அண்ணியின் மேடையில் ஒரு மெழுகுவர்த்தி நிற்கிறது. அவர் தீப்பெட்டியை எடுத்தாலே பழக்காரர், “அக்கா, இந்தக் கூடை வேண்டாம், வண்டியில வேற இருக்கு,” என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

பட்டப்பெயரை மெழுகுவர்த்தி என்று மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

“மூக்குக்காரின்னே கூப்பிடுங்க,” என்றார் அண்ணி. “இப்பதான் அந்தப் பேரை நான் சம்பாதிச்சிருக்கேன்.”