கந்தையரின் முதுகுக்கு வைத்த நேர்த்தி

1. சத்தம்

எழுபதுகளின் கடைசியில் வவுனியா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே இரண்டு பேரின் தோளில் தொங்கியபடி கந்தையர் வந்தார். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவர். நெல்மூட்டை தூக்கப்போய் இடுப்புப் பிடித்துவிட்டது. காலபோக மழைக்குள் நிமிராவிட்டால் அந்த முறை விதைப்பே இல்லை.

என்னைப் பார்த்ததும் மனைவி இராசம்மாவிடம் கேட்டார்: "இந்தப் பிள்ளையே என்ர முள்ளந்தண்டை முறிக்கப்போகுது?"

"முறிக்க இல்லை அண்ணை, நிமித்தத்தான் என்னை வைச்சிருக்கினம். பேசாமல் படுங்கோ."

எக்ஸ்ரே பார்த்த டொக்டர் மனிப்புலேஷன், அதாவது மூட்டைக் கையால் அமுக்கி இளக்குவது, செய்யலாம் என்று எழுதியிருந்தார். அதற்காக நான் விடவில்லை. கால் விறைக்கிறதா, சலம் போவதில் சிக்கலா என்று திருப்பிக் கேட்டேன். ஆம் என்றால் கை வைக்கவே கூடாது, உடனே டொக்டரிடம் அனுப்பவேண்டும். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதை மறந்துவிடாதீர்கள்.

சரித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, மூச்சை விடச் சொல்லி ஒரு சின்ன அமுக்கு. டக்!

"ஐயோ, என்ர மனுசன்ர எலும்பு!" என்று இராசம்மா அலறினார்.

எலும்பு முறியவில்லை, விரலில் நெட்டி முறிக்கிற அதே சத்தம்தான் என்று என் விரலை முறித்துக் காட்டினேன். ஓரிரு நாள் உடம்பு உளையும், ஒரு தடவையில் முடிகிற வேலையும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை சத்தம் வரவில்லை. வராமலும் சுகம் வரும். ஆனால் கந்தையருக்குப் பெரிய கவலை.

"மிஸ்ஸி, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை. வடிவாச் செய்தனீங்களோ?"

2. கொரிடோர்

சில கிழமைகளில் கந்தையர் தானாகவே நடந்து வந்தார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அப்போதுதான் இராசம்மா மெல்லத் தொடங்கினார்.

"மிஸ்ஸி, வாற வெள்ளி இவர் கோயிலிலை பிரதட்டை செய்யவேணும். எழும்பி நடந்தால் செய்விக்கிறன் எண்டு அம்மாளாச்சிக்கு நேர்ந்துபோட்டன்."

ஈர வேட்டியோடு கோயில் வீதி முழுக்க உருளுவது! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? நேர்ந்தது நீங்கள், உருளுறது அவரோ? விழுந்து கும்பிட்டுக் கும்பிட்டு நீங்கள் அடியழிக்கலாமெல்லோ!"

"அவற்ற முதுகெல்லோ சுகமானது?"

கந்தையர் நிலத்தைப் பார்த்தபடி, "நேர்ந்ததைச் செய்யாமல் விதைக்கக் கை வராது மிஸ்ஸி" என்றார். அதற்குமேல் என்னத்தைச் சண்டை பிடிப்பது?

முதுகு நோயாளியைக் கட்டிலில் திருப்புகிற முறையை லொக் ரோல் என்போம். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகத் திரும்பவேண்டும், மரக்குற்றி உருளுவதுபோல. இடுப்பு மட்டும் முறுகக்கூடாது. பாய் விரித்து அவரை உருளப் பழக்கினேன். அறையில் உருள இடம் போதாமல் கொரிடோருக்கு வந்துவிட்டோம். மேட்றன் வந்து நின்றார்.

"இது என்ன எக்சசைஸ்?"

"பிரதட்டை, மேடம்."

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

3. வெள்ளிக்கிழமை

மனம் கேளாமல் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனேன். மற்றவர்கள் கன்னாபின்னாவென்று உருண்டார்கள். கந்தையர் குற்றிதான். "இடுப்பு! இடுப்பு!" என்று கத்திக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். மேற்கு வீதியில் திடீரென்று நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி உருண்டார். வாசலுக்கு வந்ததும் எழும்பி நேராக நின்றார்.

"நோகுதோ அண்ணை?"

"முதுகுக்கு ஒண்டுமில்லை. தலைதான் சுத்துது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இராசம்மா என் கையைப் பிடித்தார்.

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. இவர் பிழையில்லாமல் எழும்பினால் எங்கட மிஸ்ஸி வந்து பொங்குவா எண்டு உங்கட பேரிலையும் ஒண்டு நேர்ந்திட்டன்."

மழை வந்தது. கந்தையர் விதைத்தார். நான் போய்ப் பொங்கினேன். பானையைத் தூக்கி வைத்தது அவர்தான், நான் சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்கி.

ஆகவே பிள்ளைகளே, முதுகில் கை வைக்கமுதல் எங்கே நோகிறது என்று நோயாளியைக் கேளுங்கள். என்ன நேர்ந்திருக்கிறீர்கள் என்று பக்கத்தில் நிற்கிற மனைவியைக் கேளுங்கள். யாருடைய பேரில் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.