ஒரே ஊருக்கு இரண்டு கடல்

பாம்பனில் ரயிலை விட்டு இறங்கியதுமே காற்று என் துண்டைப் பிடுங்குகிறது. வடகரையில் அலை ஆள் உயரத்துக்கு எழுகிறது. ஒரு வள்ளம்கூடக் கண்ணில் படவில்லை.

குருசடைத் தீவுக்கு வள்ளத்தில் போக வேண்டும் என்று என் மனைவி பஞ்சவர்ணம் எட்டு வருஷமாகக் கேட்கிறாள். மழை, புயல் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பரமக்குடியில் தெருவில் பாவு நீட்டுகிற நெசவாளிக்கு மழைதான் பயம். தை மாதம் மழை இருக்காது என்று பத்துப் பேரிடம் கேட்டுத்தான் புறப்பட்டேன். காற்றைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

“அடுத்த ரயிலுக்கே திரும்பிருவோம்” என்கிறேன். அவள் மணலில் உட்கார்ந்துவிடுகிறாள்.

பக்கத்தில் கருவாடு காயப்போடும் பிலோமினா என்ற பெண் சிரிக்கிறாள். “ஏண்ணே, அந்தப் புள்ளைய அழ வைக்கிறீக? எங்கன போகணும்?”

“தீவுக்கு. கடல் இப்படிக் கெடக்குதே!”

“இது வடகடல்ணே. வடக்க இருந்து வாடைக் காத்து அடிச்சா எங்க ஆளுக வள்ளத்தையெல்லாம் தென்கடலுக்குக் கொண்டு போயிருவாக. தென்மேக்க இருந்து கச்சான் காத்து வந்தா இங்கன திரும்பிருவாக. தெக்க நடந்து போயிப் பாருங்க, கொளம் மாதிரிக் கெடக்கும். தீவும் அந்தப் பக்கந்தான்.”

பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு பாதி நம்பிக்கையோடு நடக்கிறேன். தென்கரையில் வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரில் அலையே இல்லை.

“திரும்பி வாறதுக்குள்ள காத்து மாறிட்டா?” என்று வள்ளக்காரரைக் கேட்கிறேன்.

“மாற இன்னும் மூணு மாசம் கெடக்குண்ணே. அதுவரைக்குமா தீவுல இருக்கப்போறீக?”

பஞ்சவர்ணம் அதற்குள் ஏறி உட்கார்ந்து, என்னைத் தூக்கிவிடக் கை நீட்டுகிறாள்.