இலஞ்சி தாண்டியதும் இரைந்த எஞ்சின்

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, அம்மாவைக் குற்றாலத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். எங்கள் ஊர் திருவேங்கடம். அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அம்மா அருவியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பா வாங்கிப் போட்ட பழைய காரை வீட்டில் நான் மட்டும்தான் ஓட்டுவேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான், முதலில் லைசென்ஸ் எடுத்ததும் நான்தான். அப்பாவுக்கு அதில் பெருமையைவிடப் பயம் அதிகம். கோவில்பட்டிக்காரர் ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். "குத்தாலம் போயிட்டு வா. வழியில மக்கர் பண்ணுச்சுன்னா, ஞாயித்துக்கெழம அவருகிட்ட குடுத்துருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சங்கரன்கோவிலில் காபி குடித்தோம். புளியங்குடி தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வந்தது.

"அது மேகமாட்டி, மலையா?" என்றாள் அம்மா.

"கீழ மலை, மேல மேகம்."

"ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது" என்று சொல்லிவிட்டு, வாயை மூடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். கடையநல்லூரில் முதல் தூறல் விழுந்தது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். எங்கள் ஊரில் அதே நேரம் புழுதி பறந்துகொண்டிருக்கும்.

தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகப் போனோம். சாலையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இரண்டு மூன்று இடங்களில் சக்கரம் வாரி அடித்தது. இலஞ்சியைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி வேகம் குறையவில்லை. நியூட்ரலுக்கு மாற்றியதும் எஞ்சின் அலறியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள், ஆயிரத்துக்குக் கீழே நிற்க வேண்டியது, மூவாயிரத்தைத் தொட்டது. பிரேக்கிலேயே காலை வைத்து, ஊர்ந்து ஊர்ந்து குற்றாலம் வந்து, ஒரு பழக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏ பிள்ள, வண்டிய அணைச்சுப் போடு. எம் பழமெல்லாம் நடுங்குது."

அணைத்தேன். ஏசியை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன், அதே அலறல். கால்மிதி பெடலில் மாட்டியிருக்குமோ என்று எடுத்துப் பின்னால் போட்டேன். பெடலை அடியிலிருந்து கால் விரலால் தூக்கிப் பார்த்தேன். அது முழுதாக மேலேதான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு பானெட்டுக்குள்.

நடுத்தெருவில் பானெட்டைத் திறப்பது எனக்குப் பரீட்சை எழுதுவதைவிடக் கஷ்டம். நினைத்தபடியே, துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் போன நாலு பேர் கூடிவிட்டார்கள். தண்ணீர் ஏறிவிட்டது என்றார் ஒருவர். எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

பழக்கடை அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, தலையில எண்ணெ காயுது பாருங்க. குளிக்கப் போங்க, அந்தப் பிள்ள பாத்துக்கிடும்."

அவர்கள் போனபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெடலிலிருந்து வரும் ஆக்சிலேட்டர் கேபிள், எஞ்சினுக்குக் காற்றை விடும் மூடியைத் திறந்து மூடுகிறது. காலை எடுத்தால் கேபிள் சற்றுத் தொய்வாக இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன், விறைப்பாக நின்றது. விரலை அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் மஞ்சள் தடவிய ஒரு நூல் கயிறு. ஒரு முனை கேபிளில், மறுமுனை பக்கத்துக் குழாயில். நடுவில் ஓர் எலுமிச்சம்பழம்.

திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"காலையில நீ ஆயில் பாத்துட்டு உள்ள போனேல்லா, அப்பதான் கட்டுனேன்" என்றாள். "வண்டிக்கு ஒரு காவல் வேண்டாமா? ஆடாம இருக்கட்டும்னு நல்லா இழுத்துக் கட்டுனேன்."

"இத்தன தூரம் ஒண்ணும் ஆகலையேம்மா. இப்ப ஏன் இழுக்குது?"

அம்மா நனைந்திருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "நாடாக் கட்டில்ல தண்ணி தெளிச்சா இறுகுமே, அந்த மாதிரியாட்டி?"

அப்படியேதான். காய்ந்த ஊரில் சும்மா கிடந்த கயிறு, இலஞ்சித் தண்ணீர் பட்டதும் சுருங்கி, கேபிளைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த மூடியைத் திறந்து வைத்திருந்தது. ஒரு சாரல் எஞ்சினைப் பிடித்து இழுத்திருக்கிறது! எனக்குப் பயம் போய்விட்டது. அந்த ஈர நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பழம் வெட்டும் கத்தியை நீட்டினார். அம்மா கையைத் தடுத்தாள். "சாமிக்கு முடிஞ்ச கயித்த அறுக்கக் கூடாது." வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஈர முடிச்சை இழை இழையாக நெகிழ்த்தினாள். வெகுநேரம் ஆனது. நான் அவள் தலைக்குக் குடை பிடித்தேன். அவிழ்ந்த கயிற்றை எலுமிச்சம்பழத்தோடு முன்பக்கம் நம்பர் பிளேட்டின் மேல் கட்டினாள்.

ஸ்டார்ட் செய்தேன். முள் ஏறி, மெல்ல இறங்கி, ஆயிரத்துக்குக் கீழே வந்து நின்றது.

"என்னட்டி, சத்தம் இன்னும் நிக்கலையே?" என்றாள் அம்மா.

சாவியைத் திருப்பி அணைத்தேன். அப்போதும் அது கேட்டது.

"அது வண்டி இல்லம்மா. அருவி."

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். ஒரு திருப்பத்தில், பாறை முழுக்க வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்லவே தோன்றவில்லை. பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா தலையைக் கொடுத்தாள். வெளியே வந்தபோது பத்து வயது குறைந்த முகம். அடுத்து நான் உள்ளே போனேன். என் தோளில் விழுந்த கனத்தில் எனக்குப் பேர்கூட மறந்துபோனது.

அப்பா போன் செய்தார். அம்மாவே எடுத்தாள். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் அதக் கட்டிப் போட்டுட்டேன். உங்க மக அவுத்துட்டா. வைங்க, இன்னொரு தடவ குளிக்கணும்."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாரநாளில் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சனி, ஞாயிறு கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள், சாரல் எதையும் விடாது. வழியில் எஞ்சின் தானாக இரைந்தால் பதறாமல் பிரேக்கை அழுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்தி அணையுங்கள். முதலில் கால்மிதியைப் பாருங்கள், அடுத்து கேபிள் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சம்பழம் கட்டுவதென்றால் வண்டிக்கு வெளியே கட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்காரர் வந்தார். அப்பா எழுந்திருப்பதற்குள் அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வண்டி குடுக்கதுக்கில்ல அண்ணாச்சி. அடுத்த வாரம் ஐந்தருவி பாக்கப் போறோம்."