ஒரு மல்லாட்டை எடுத்திருக்கலாம்

அண்ணன் திண்டிவனம் ரோட்டில் பைக் விபத்தில் போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. களை எடுக்கப் போனால் பாதி வரப்பில் அப்படியே நின்றுவிடுவாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போ என்றார்கள் ஊரில். வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். செஞ்சியில் மனநல ஆலோசனை தருகிறார்கள் என்று விசாரித்து அங்கே கூட்டிப் போனேன். வாரம் ஒரு முறை, மொத்தம் ஆறு வாரம்.

ஆலோசகர் என் வயதுப் பெண். முதல் வாரம் அம்மா அவரை "மேடம்" என்றாள். மூன்றாவது வாரம் "பாப்பா". அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அண்ணன் போன நாளைக் கண்மூடிச் சொல்லச் சொன்னார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அம்மா சொல்லியிருக்கிறாள். அன்று தானாகத் தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு டப்பா நிறைய வேர்க்கடலை அவித்து எடுத்து வந்தாள். அன்று நானும் கூடவே உள்ளே போனேன். நுழைந்ததும் அம்மா அதை மேசையில் வைத்தாள்.

"மல்லாட்டை. சூடா இருக்குது, சாப்புடு பாப்பா."

"பேஷண்ட்கிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாதும்மா. ரூல்ஸ்." விரல் நுனியால் டப்பாவை எங்கள் பக்கம் தள்ளினார்.

அம்மா மூடியை அழுத்தி மூடினாள்.

வெளியே வந்ததும், "எல்லாருக்கும் அதே ரூல்ஸ்தாம்மா" என்றேன்.

"டீக்கடைல எங்க நைனாவுக்குத் தனி கிளாஸ் வச்சவனும் ரூல்ஸ்னுதான் சொன்னான்."

அதற்குப் பிறகு மறுபடியும் "மேடம்"தான். கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்குது மேடம்" என்றது பெஞ்சுவரை கேட்டது. வீட்டில் அதே விழித்த கண். ஆறாவது வாரம் அந்தப் பெண் சிரித்தபடி வெளியே வந்து, "நல்ல முன்னேற்றம். இதோட முடிச்சிக்கலாம்" என்றார்.

"டப்பாவைத் தள்ளினதுலருந்து அவங்க உங்ககிட்ட பேசவே இல்ல மேடம். கவனிக்கலையா?"

"பயிற்சியெல்லாம் சரியா செய்றாங்களே."

இன்னும் எனக்கு ஆறவில்லை. பயிற்சியில் தப்பில்லை. ஆனால் அந்த மூச்சு வேலை செய்ததே "பாப்பா" என்ற ஒட்டுதலில்தானே? அவித்த கடலை லஞ்சமா? ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்திருந்தால் எந்த விதி செத்துப்போயிருக்கும்? எங்கள் தெருக்காரி கையால் கொடுத்ததைத் தள்ளினால் அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லையா?

ஊருக்குத் திரும்பும் சிங்கவரம் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "அவ்ளோதானா? முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"ஒன்னு மிச்சம் இருந்துது. அன்னிக்குக் கிளம்பறப்ப உங்கண்ணன் இன்னா சொல்லிட்டுப் போனான்னு. டப்பா எடுத்துனு போன அன்னிக்குதான் அதைச் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட சொல்லும்மா."

"நீயும் அழுதினா நான் யார்கிட்ட போறது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை இழுத்து விட்டாள்.